எத்தனை நாள் இருக்கலாம்?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போய், கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் நுழைந்து, தடாவில் காளஹஸ்தி சாலைக்குத் திரும்பினால் வரதய்யபாளையம் வரும். பழைய சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் எல்லைப் பகுதி. சென்னை இளைஞர்களுக்கு இது 'தடா ஃபால்ஸ்' போகிற வழி. வாகன, ஏசித் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஸ்ரீசிட்டி இருக்கிற பக்கம். ரஷ்யாவிலும் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இருக்கிற சிலருக்கோ இந்தியா என்றாலே இந்த ஊர்தான்.

காரணம், கல்கி பகவான் இயக்கத்தின் ஒன்னஸ் யூனிவர்சிட்டி. 2008-இல் இங்கே திறக்கப்பட்ட வெள்ளைப் பளிங்குக் கோயில் இப்போது 'ஏகம்' என்ற பெயரில் இயங்குகிறது. அந்த இயக்கத்தின் போதனைகளைப் பற்றியோ வழக்குகளைப் பற்றியோ இந்தக் கட்டுரை பேசப்போவதில்லை. நமக்கு இங்கே வேண்டியது ஒரு கணக்கு மட்டும். அந்த நாட்களில் அங்கு பெயர் பெற்ற பயிற்சி 21 நாள். கடல் தாண்டி வருகிறவர் 21 நாளோடு திரும்புவதில்லை. முன்னால் மாமல்லபுரம், பின்னால் திருவண்ணாமலை, நடுவே வயிற்றுப்போக்குக்கு ஒரு வாரம். இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். சிலர் கொழும்புக்கோ காத்மாண்டுவுக்கோ போய்விட்டு மறுபடி வருவார்கள். காரோட்டி, வீட்டு உரிமையாளர், துணி வெளுப்பவர், இளநீர்க்காரர் என்று இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு கூட்டமே அந்த மறுபடி வருகையை நம்பிப் பிழைக்கும்.

2009 டிசம்பரில் அதில்தான் கை வைத்தார்கள். இந்தியச் சுற்றுலா விசாவில் வந்தவர் வெளியே போனால் இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பி வரலாம் என்று விதி வந்தது. விசா ஐந்து வருடத்துக்குச் செல்லுபடியாகும், பலமுறை வரலாம் என்று பாஸ்போர்ட்டில் அச்சிட்டிருந்தாலும் பயனில்லை. டேவிட் ஹெட்லிதான் காரணம். மும்பைத் தாக்குதலுக்கு உளவு பார்க்கப் பலமுறை வந்துபோன அந்த அமெரிக்கர் 2009 அக்டோபரில் சிகாகோவில் பிடிபட்டார். இத்தனை முறை வந்துபோனவனை எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று டெல்லி பதறியது. இதில் ஒரு வேடிக்கை: ஹெட்லியிடம் இருந்தது பிசினஸ் விசா. கட்டுப்பாடு விழுந்ததோ சுற்றுலா விசாவின் தலையில். அப்போது வெளியுறவுத் துறை இணையமைச்சராக இருந்த சசி தரூர் இந்தக் கெடுபிடியைப் பற்றி ட்விட்டரில் வெளிப்படையாகவே சந்தேகம் எழுப்பி, சொந்த அரசிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மூன்று வருடம் அந்த விதி நீடித்தது. இலங்கைக்கு நான்கு நாள் போய்விட்டுச் சென்னை வழியாக ஊர் திரும்பலாம் என்று டிக்கெட் எடுத்திருந்தவர்கள் தனி அனுமதிக்காகத் தூதரக வரிசையில் நின்றார்கள். 2012 இறுதியில் சீனா, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான், ஈரான், ஈராக், சூடான் ஆகிய நாட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு விதி விலக்கப்பட்டது. அதனால் ஒரு தீவிரவாதியாவது தடுக்கப்பட்டாரா என்று நமக்குச் சொன்னவர் யாரும் இல்லை.

அதன் பிறகு காற்று எதிர்த்திசையில் அடித்தது. 2014 நவம்பரில் 43 நாட்டவருக்கு இணையம் வழி விசா வந்தது. தங்கல் 30 நாள். 2017-இல் அது 60 நாள் ஆனது. 2019-இல் ஒரு வருட, ஐந்து வருட இ-விசாக்கள் வந்தன. ஒருமுறை வந்தால் தொடர்ந்து 90 நாள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் நாட்டவருக்கு மட்டும் 180 நாள். ஐந்தே வருடத்தில் 30 எங்கே, 180 எங்கே! இதற்கிடையே குறுகிய கால யோகப் பயிற்சியும் சுற்றுலா விசாவின் நோக்கங்களில் சேர்க்கப்பட்டது. ஆசிரமத்தில் உட்கார்ந்து சொற்பொழிவு கேட்கலாம். எழுந்து நின்று மதப் பிரசங்கம் செய்தால் விசா மீறல். இரண்டுக்கும் நடுவே கோடு போடும் வேலை உள்ளூர்க் காவல் நிலையத்தின் சிறப்புப் பிரிவுக் காவலருக்கு. பாவம், அவரிடம் அதற்கு அளவுகோல் ஏதும் கிடையாது.

இந்த ஏற்ற இறக்கத்தை நாள் வாரியாகப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. தங்கல் நாட்களை நிர்ணயிப்பது விருந்தாளியின் தேவையோ, அவர் தங்கும் ஊரின் தேவையோ அல்ல. அந்தந்த வருடம் தலைநகரில் எது பெரிய கவலையோ, பணமா பயமா, அதுதான். கஜானா காய்ந்தால் நாட்கள் நீளும். உள்ளூர்க்காரர்கள் முணுமுணுத்தாலோ குண்டு வெடித்தாலோ சுருங்கும்.

இதற்கு இலங்கையைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 2022-இல் அந்நாடு திவாலாகி, பெட்ரோல் பங்குகளில் மைல் கணக்கில் வரிசை நின்றது. அதே வருடம் உக்ரைன் போர் மூண்டது. தீவிலிருந்த ரஷ்யர்களும் உக்ரேனியர்களும் ஊர் திரும்ப முடியாமலோ மனமில்லாமலோ தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு விசா நீட்டிப்பு தாராளமாகக் கிடைத்தது. டாலர் வருகிறதே! இரண்டு வருடத்தில் வந்த ரஷ்யர்கள் சுமார் 2,88,000 பேர். உக்ரேனியர்கள் சுமார் 20,000 பேர். இவர்களில் நெடுநாள் தங்கிய சிலர், உனவட்டுனவிலிருந்து வெலிகம வரையிலான தென்கரையில் காபிக்கடை போட்டார்கள், சர்ஃபிங் கற்றுக்கொடுத்தார்கள், தங்கள் நாட்டவருக்குத் தாங்களே வழிகாட்டி ஆனார்கள். அதே தொழிலில் இருந்த உள்ளூர்ப் பையன்கள் கடுப்பானார்கள்.

2024 பிப்ரவரியில், உனவட்டுனவில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒரு விருந்து விளம்பரமானது. சொந்த மண்ணில் தங்களுக்கே நுழைவு இல்லையா என்று சமூக ஊடகம் கொந்தளித்தது, விருந்து ரத்தானது. அந்தச் சூட்டிலேயே குடிவரவுத் திணைக்களம், நீட்டிப்பில் இருக்கும் ரஷ்யர்களும் உக்ரேனியர்களும் இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும் என்று அறிவித்தது. அமைச்சரவைக்குத் தெரியாமல் இப்படியொரு முடிவா என்று அதிபர் ரணில் விக்கிரமசிங்க விசாரணைக்கு உத்தரவிட்டார். குழந்தையைப் பள்ளியில் சேர்த்து, வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்த குடும்பத்துக்கு இரண்டு வாரம் எந்த மூலைக்கு? அவர்களுக்கு வாடகைக்கு விட்டு, வங்கிக் கடனில் மாடி எடுத்த உள்ளூர்க்காரருக்கும் அதே இரண்டு வாரம்தான். விருந்து வைத்தவர்கள்மேல் வந்த கோபம் நியாயமானது. ஆனால் அனுமதியில்லாமல் தொழில் செய்பவரையும் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரையும் ஒரே கடிதத்தில் அனுப்புவது சோம்பேறி நிர்வாகம். முதலாமவரைப் பிடிக்கத் தொழில் சட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஊர் ஊராகப் போய்ச் சோதிக்க வேண்டும். நாட்களை வெட்ட ஒரு கையெழுத்து போதும்.

தாய்லாந்திலும் ஏறக்குறைய இதே கதை, இன்னும் பெரிய அளவில். இந்தியர்களுக்கு 2023 நவம்பரில் விசா இல்லாமல் 30 நாள் கொடுத்தார்கள். 2024 ஜூலை 15 முதல் இந்தியா உள்ளிட்ட 93 நாடுகளுக்கு 60 நாள். உள்ளூர்க் குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டினால் இன்னும் 30. அதாவது விசாவே இல்லாமல் மூன்று மாதம். சென்னைப் பயண முகவர்களுக்கு அது கொண்டாட்டக் காலம். ஒரு வருடம்கூட ஆகவில்லை, அடுக்குமாடி வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள், பினாமித் தொழில் நடத்துகிறார்கள் என்று புகார்கள் குவிந்தன. 2025 மார்ச்சிலேயே 30 நாளாகக் குறைப்பது பற்றி அங்கே அமைச்சர் மட்டத்தில் பேச்சு வந்துவிட்டது. எல்லை தாண்டி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த முத்திரைக்குத் திரும்பி வரும் 'விசா ரன்' ஆட்களைத் திருப்பி அனுப்புவோம் என்ற எச்சரிக்கையும் அதே வருடம் வந்தது. நாள் தாண்டினால் தினம் 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000. மலேசியா நமக்கு 30 நாளோடு நிறுத்திக்கொண்டது. பக்குவமான முடிவு என்றே தோன்றுகிறது. கொடுத்துவிட்டுப் பிடுங்குவதைவிட அளந்து கொடுப்பது மேல்.

ஐரோப்பாவின் ஷெங்கன் கணக்கு தனி ரகம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. இறங்கிய நாளும் ஏறிய நாளும் சேர்த்தி. முன்பு பாஸ்போர்ட்டின் மங்கிய முத்திரைகளைப் புரட்டி அதிகாரி விரல்விட்டு எண்ணுவார்; கொஞ்சம் தப்பிக்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் கணினி முறை படிப்படியாக வந்துவிட்டது. கணினி மறப்பதில்லை. இந்தியாவிலும் கயிறு இறுகியிருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டப்படி விசா காலம் தாண்டித் தங்கினால் மூன்று வருடம் வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம். வெளிநாட்டவருக்கு அறை கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய, 'சி ஃபார்ம்' என்று பழகிப்போன தகவல் பதிவும் தொடர்கிறது. லாட்ஜ்காரர்களுக்கு இது மனப்பாடம். மாடி அறையை மாத வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்கள்தான் நமக்கெதற்கு என்று இருந்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆசிரம ஊர்களுக்கு வரும் வெள்ளைக்காரர்களை மட்டுமே நெடுநாள் சுற்றுலாக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ், தெலுங்குக் குடும்பங்களில் அப்படி ஒரு படையே இருக்கிறது. பெயர் அம்மா, அப்பா. மகள் டல்லாஸில் பிள்ளை பெறுகிறாள் என்றால் இங்கிருந்து கிளம்பும் தாயின் கையில் இருப்பது பி-2 சுற்றுலா விசா. பத்து வருடம் செல்லும் என்று அதில் இருக்கும். ஆனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்து அதிகாரிதான் ஐ-94 பதிவில் எழுதுகிறார். வழக்கமாக ஆறு மாதம். விசா தேதியையும் ஐ-94 தேதியையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. அந்தத் தேதியை 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டு வெளியேறினால் மூன்று வருடம் உள்ளே வரமுடியாது. ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடம். கூடுதலாகத் தங்க வேண்டுமென்றால் தேதி முடிவதற்குள் ஐ-539 மனு போடலாம். நம் இ-விசாவில் அந்த வழியும் கிடையாது. நீட்டிக்க முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது.

அந்த ஆறு மாதம் நம் குடும்பங்களில் ஒரு புது முறையையே உண்டாக்கியிருக்கிறது. பிரசவத்துக்கு முதலில் பெண்ணின் அம்மா போவார். பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் தேதி முடிகிற வாரத்தில் பையனின் அம்மா ஊறுகாய் டப்பாக்களோடு இறங்குவார். குழந்தை தவழ்வதை ஒரு பாட்டி பார்ப்பார், நடப்பதை இன்னொரு பாட்டி. எந்த சம்பந்திக்கு எந்தப் பருவம் என்று தீர்மானிப்பது குடிவரவு அதிகாரியின் முத்திரை. கனடாவில் குடியேறியவர்களின் வீட்டில் இந்தச் சிக்கல் குறைவு. பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கென்றே 2011-இல் 'சூப்பர் விசா' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரே மூச்சில் இரண்டு வருடம் இருக்கலாம் என்றிருந்ததை 2022 ஜூலையில் ஐந்து வருடம் ஆக்கினார்கள். மகனின் வருமானத்துக்கு ஆதாரமும் பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். எத்தனை நாள் என்பதில் சண்டை கிடையாது. ஐந்து வருடம் டொரோன்டோவின் பனியில் இருக்க அம்மா சம்மதிப்பாரா என்பதுதான் அங்கே பிரச்சினை.