சுபாங்கில் இறங்கி சிப்பாங்கில் ஏறுவோர் கவனிக்க வேண்டியது

பெரியவர்கள் பலருக்கு ‘ஏர்போட்’ என்றால் இன்னும் சுபாங்தான். 1965இல் திறக்கப்பட்ட அந்நிலையத்திலிருந்துதான் 1998 வரை நம் உறவுகளைத் தமிழகத்திற்கு வழியனுப்பினோம். அவ்வாண்டு ஜூன் மாதம் சிப்பாங்கின் செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் கேஎல்ஐஏ திறக்கப்பட்டதும் பெரிய விமானங்கள் அங்கே போய்விட்டன.

இப்போது சுபாங் மீண்டும் சுறுசுறுப்பாகியிருக்கிறது. 2024 ஆகஸ்ட்டு முதல் ஜெட் விமானங்களும் அங்கு இறங்குகின்றன. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. டிக்கெட் தேடும்போது இரண்டு நிலையங்களும் ‘கோலாலம்பூர்’ என்ற பெயரிலேயே வரக்கூடும். மலிவாக இருக்கிறதே என்று பினாங்கிலிருந்து சுபாங்கிற்கு ஒரு டிக்கெட், கேஎல்ஐஏவிலிருந்து திருச்சிக்கு இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியே எடுத்துவிட்டால், இடையில் உள்ள தூரம் முழுவதும் பயணியின் பொறுப்பு.

அந்தத் தூரம் எவ்வளவு? வான்வழியில் அளந்தால் சுமார் 46 கிலோமீட்டர். சாலையில் எலைட் நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். வேலை முடிந்து வாகனங்கள் திரளும் மாலையிலோ மழையிலோ ஒன்றரை மணி நேரமும் ஆகும்.

ஆனால் காரில் உட்காரும் நேரத்தை மட்டும் கணக்கிடுவதுதான் பலர் செய்யும் தவறு. காலை 10 மணிக்கு விமானம் சுபாங்கில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கிப் பெட்டிகளை எடுக்க அரை மணி, கிரேப் வர கால் மணி, சாலையில் ஒரு மணி. கேஎல்ஐஏ வாசலில் நிற்கும்போது 11.45. அனைத்துலகப் பயணத்திற்கு முகப்பிடம் பொதுவாகப் புறப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். ஆக, பகல் 1 மணி விமானத்திற்குக் கையில் இருப்பது கால் மணி நேரம்தான். முதல் விமானம் அரை மணி தாமதமானால் அதுவும் போச்சு. டிக்கெட்டுகள் தனித்தனி என்பதால், விட்டுப்போன விமானத்திற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இறுதிச் சடங்கிற்குப் புறப்பட்டவர் என்றாலும் நிலைமை அதுவே.

இரண்டு விமானங்களுக்கும் இடையே ஐந்து மணி நேரமாவது இருப்பது நல்லது. வயதானவர்களோ சக்கர நாற்காலி தேவைப்படுபவர்களோ உடன் வந்தால் இன்னும் கூடுதலாக.

ரயிலை நம்பவும் வழியில்லை. கேஎல் சென்ட்ரலிலிருந்து சுபாங் நிலையத்திற்கு ஓடிய ரயில் சேவை 2023 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. சுபாங் ஜெயா ரயில் நிலையம் வேறு, விமான நிலையம் வேறு. பெயரை நம்பி அங்கே இறங்கிவிடக் கூடாது. கேஎல் சென்ட்ரல் வரை காரில் போய், அங்கிருந்து 28 நிமிடத்தில் கேஎல்ஐஏ சேரும் விரைவு ரயிலைப் பிடிக்கலாம். ஆனால் பெரியவர் ஒருவருக்கு 55 வெள்ளி. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு நேரே காரில் போவதுதான் மலிவு.

காரோட்டியிடம் முனையத்தையும் சொல்லிவிட வேண்டும். திருச்சிக்கு ஏர் ஏசியா என்றால் 2ஆம் முனையம், பாத்தேக் ஏர் என்றால் 1ஆம் முனையம். தவறிப்போனால் பதற்றம் வேண்டாம்; இரண்டிற்கும் இடையே ரயிலில் மூன்று நிமிடம், கட்டணம் 2 வெள்ளி.

டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். எஸ்இசட்பி என்றிருந்தால் சுபாங், கேயுஎல் என்றிருந்தால் கேஎல்ஐஏ. பினாங்கிலிருந்து கேஎல்ஐஏவுக்கே வரும் விமானத்திற்குச் சில பத்து வெள்ளி கூடுதலானாலும், கார் கட்டணத்தையும் டோலையும் கூட்டிப் பார்த்தால் அதுவே லாபமாக இருக்கலாம்.