வாடகைக்கு வரும் மென்பொருள்

கிரயம், குத்தகை, ஒத்தி, வாடகை ஆகிய நான்கு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடுபவர் இங்கு உண்டு. கடையை மாத வாடகைக்குப் பிடிப்பவர் உண்டு. வீட்டை ஒத்திக்கு எடுத்து, தவணை முடிந்ததும் முழுப் பணத்தையும் திரும்பப் பெறுபவரும் உண்டு. ஆனால் இச்சொற்களைக் கணிப்பொறியில் ஓடும் மென்பொருளுக்குப் பொருத்திப் பார்த்தவர் நம்மிடையே மிகச் சிலரே. பொருத்திப் பார்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின், ஏலக்காய் வணிகரும் உரக்கடைக்காரரும் தம் கணக்கு விவரங்களை இணையத்தின் வழியே தாக்கல் செய்கின்றனர். அவர்களுக்குக் கணக்கு மென்பொருள் வேண்டும். அதைக் கிரயத்துக்கு வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்வி, இன்று கடைவீதியின் கேள்வியாகிவிட்டது.

தொடக்கத்தில் மென்பொருளுக்குத் தனி விலையே கிடையாது. இயந்திரத்தோடு அது இலவசமாக வந்தது. 1969-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் இயந்திரத்துக்கு ஒரு விலை, மென்பொருளுக்கு ஒரு விலை எனப் பிரிக்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்காக வளர்வதற்கு அது பெரிதும் வழிவகுத்தது. பின்னர் சிறு கணிப்பொறிகள் பெருகிய காலத்தில், மென்பொருளைத் தட்டிலோ பெட்டியிலோ வைத்து விற்றனர். ஒருமுறை பணம் கொடுத்தால் அந்தப் பதிப்பு நம்முடையது. 1999-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கிய சேல்ஸ்போர்ஸ் நிறுவனம் பெட்டியையே ஒழித்தது. மென்பொருள் எங்கள் கணிப்பொறியில் இருக்கும். நீங்கள் இணையத்தில் வந்து பயன்படுத்துங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா கட்டுங்கள் என்றது. படத்தொகுப்பு மென்பொருளில் பெயர்பெற்ற அடோபி நிறுவனமும், தன் பெட்டித் தொகுப்புக்கு இனிப் புதிய பதிப்பு இல்லை, சந்தா மட்டுமே என 2013-இல் அறிவித்தது. வாடிக்கையாளர் பலர் கடுமையாக எதிர்த்தும் அது பின்வாங்கவில்லை.

இவ்வாறு தொலைவிலிருந்து வருவதை ‘மேகம்’ என்கின்றனர். நம் மேகமலையில் காணும் மேகத்துக்கும் இதற்கும் ஓர் உறவும் இல்லை. குளிரூட்டிய கட்டடங்களில் அடுக்கடுக்காக நிற்கும் கணிப்பொறிகளே அந்த மேகம்.

இவ்வணிகத்தின் உயிர்நாடி ஒரு தொழில்நுட்பச் செய்தியில் இருக்கிறது. ஒரு லாட்ஜை எண்ணிப் பாருங்கள். கட்டடம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, மின் இணைப்பு ஒன்று. அறைகளுக்கு மட்டும் தனித்தனிப் பூட்டு. அதுபோல ஒரே மென்பொருளை ஆயிரம் நிறுவனங்கள் பயன்படுத்தும். ஒவ்வொன்றின் கணக்கும் தனியே பூட்டப்பட்டிருக்கும். ஒரு பிழையைத் திருத்தினால் ஆயிரம் பேருக்கும் ஒரே நாளில் திருத்தம் கிடைத்துவிடும். 1990-களின் இறுதியில் சில நிறுவனங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படி நிறுவி வாடகைக்கு விட்டுப் பார்த்தன. விருந்தாளிக்கு ஒரு வீடு கட்டிய கதைதான். ஆள் கூடக்கூடச் செலவும் கூடியது. அவற்றுள் பல நிலைக்கவில்லை. ஆயிரத்தோராவது வாடிக்கையாளருக்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறிது என்ற நிலை ஏற்பட்ட பிறகே சந்தா முறை இலாபகரமாயிற்று.

இனி விற்பவரின் கணக்குக்கு வருவோம். புரிதலுக்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்ளலாம். மாதச் சந்தா 2,000 ரூபாய். ஒரு வாடிக்கையாளருக்குச் சேவை செய்ய மாதம் 500 ரூபாய் செலவு, மிச்சம் 1,500. ஆனால் அந்த வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்க விளம்பரம், விற்பனையாளர் சம்பளம், செய்முறை விளக்கம் என 18,000 ரூபாய் ஆகிறது. அப்படியானால் போட்ட பணம் திரும்ப 12 மாதம் ஆகும். எட்டாம் மாதத்தில் அவர் விலகினால் 6,000 ரூபாய் நட்டம். பெட்டியில் விற்றவருக்கு இந்தக் கவலை இல்லை. சரக்கு கைமாறிய அன்றே இலாபம் கைக்கு வந்துவிடும். வாங்கியவர் அதைப் பயன்படுத்தினாரா, பெட்டியையே பிரிக்கவில்லையா என்பது விற்றவருக்கு இரண்டாம் பட்சம்.

சந்தாக்காரர்களில் மாதந்தோறும் நூற்றுக்கு 5 பேர் விலகினால், இன்றுள்ள நூறு பேரில் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ 54 பேரே எஞ்சுவர். நூற்றுக்கு 2 பேர் மட்டும் விலகினால் 78 பேர் இருப்பர். முதல் நிலையில் ஒருவர் சராசரியாக 20 மாதம் தங்குகிறார். அவரால் கிடைக்கும் மிச்சம் 30,000 ரூபாய். இரண்டாம் நிலையில் 50 மாதம், 75,000 ரூபாய். சரக்கும் விலையும் ஒன்றே. விலகல் விகிதம் மட்டுமே வேறு. அதனால்தான் இத்தொழிலில் விற்பனைப் பிரிவைக் காட்டிலும், குறை கேட்டுத் தீர்க்கும் பிரிவுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

இன்னொரு விந்தையும் உண்டு. வளர வளரக் கையிருப்பு கரையும். ஒரே மாதத்தில் நூறு புதிய வாடிக்கையாளர் சேர்ந்தால், 18 இலட்சம் ரூபாய் முதலிலேயே வெளியே போய்விடும். மாதம் ஒன்றரை இலட்சமாகத்தான் திரும்பி வரும். தென்னங்கன்றை நட்டுவிட்டுக் காய்ப்புக்குக் காத்திருப்பவனின் நிலைமை இது. அதுவரை தண்ணீர் ஊற்ற யார் பணம் தருவது?

இக்கேள்விக்குச் சென்னை நகரம் இரு வேறு விடைகளைத் தந்திருக்கிறது. முதல் விடை ஸோஹோ. 1996-இல் ஸ்ரீதர் வேம்பு முதலியோர் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய இந்நிறுவனம், முதலில் தொலைத்தொடர்பு வலையமைப்புகளை மேலாண்மை செய்யும் மென்பொருளை விற்றது. அடுத்து நிறுவனங்களின் கணிப்பொறித் துறைக்கான மென்பொருள்களை விற்றது. அவ்வருவாயைக் கொண்டு 2005-இல் ஸோஹோ என்ற பெயரில் இணையவழிச் சேவைகளைத் தொடங்கியது. 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ ஆயிற்று. வெளியார் முதலீட்டைப் பெறாமல், பழைய சரக்கின் இலாபத்தில் புதிய கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிய முறை இது.

இரண்டாம் விடை பிரஷ்வொர்க்ஸ். ஸோஹோவில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் நண்பருடன் சேர்ந்து 2010-இல் தொடங்கியது. அன்று அதன் பெயர் பிரஷ்டெஸ்க். வாடிக்கையாளர் குறைகளைப் பதிந்து தீர்க்க உதவும் மென்பொருள் அதன் சரக்கு. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு கல்விக்கூடம்! சென்னையில் அமர்ந்தபடியே, ஒரு விற்பனையாளரைக்கூட விமானம் ஏற்றாமல், கடல் கடந்து விற்க முடிந்தது என்பதில் இவ்வணிகத்தின் பாதிக் காரணம் அடங்கியிருக்கிறது. செலவின் பெரும்பகுதி ரூபாயில். வரவின் பெரும்பகுதி டாலரில். இந்நிறுவனம் துணிகர மூலதனத்தைப் பெற்று வேகமாக வளர்ந்து, 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. ஊழியர் பலர் அதனால் கோடீசுவரர் ஆயினர். 36 டாலருக்கு வெளியிட்ட பங்கு பிற்பாடு அதில் பாதிக்கும் கீழே இறங்கியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இவ்விரு வழிகளுள் எது சிறந்தது என்று வகுப்பறையில் விவாதிக்கலாம். என் வாக்கு மெதுவாகச் செல்லும் முதல் வழிக்கே. பிறர் பணம் உள்ளே வந்தால், பிறர் அவசரமும் உடன் வந்துவிடுகிறது.

சந்தாப் பணத்தை வசூலிக்கும் வேலைக்கென்றே சென்னையில் 2011-இல் சார்ஜ்பீ என்றொரு நிறுவனம் எழுந்தது. அதுவும் தன் மென்பொருளைச் சந்தாவுக்கே தருகிறது என்பதைச் சுவைக்காகச் சொல்லி மேலே செல்கிறேன்.

நம் மாணவர்களுக்கு இதில் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. சரக்கு இணையத்தில் போகிறதென்றால் அதைச் செய்பவர் நகரத்தில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஸோஹோ, தென்காசி அருகே மத்தளம்பாறை என்ற சிற்றூரில் அலுவலகம் நடத்துகிறது. பள்ளிப்படிப்பு முடித்தவர்களைச் சேர்த்து உதவித்தொகையுடன் பயிற்றுவிக்கும் பள்ளியையும் நடத்துகிறது. மத்தளம்பாறைக்கு மேற்கே நிற்பதும் இதே மேற்குத் தொடர்ச்சி மலைதான். அங்கு முடிந்தது இங்கு முடியாதென்று சொல்லக் காரணம் ஏதும் எனக்குத் தென்படவில்லை.

இனி, வாங்குபவரின் கணக்கு. பெட்டி மென்பொருள் 60,000 ரூபாய் என்றும், இரண்டாம் ஆண்டு முதல் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 9,000 என்றும் கொள்வோம். ஐந்தாண்டுக்கு 96,000 ஆகிறது. சந்தா வழியில் மாதம் 2,000 வீதம் 1,20,000. ஆக, ஒரே கடை, ஒரே கணிப்பொறி என்றால் கிரயமே மலிவு; இதை விற்பனையாளர் சொல்லமாட்டார். கம்பத்தில் ஒரு கடையும் போடியில் ஒரு கிட்டங்கியும் உள்ளவருக்கோ, பெட்டி முறையில் தனியாக ஒரு சர்வரும் அதைப் பார்க்க ஓர் ஆளும் தேவைப்படும். சர்வருக்கு மட்டும் 50,000 என்று வைத்தாலே கிரயம் 1,46,000 ஆகித் தராசு மறுபக்கம் சாய்கிறது. இடம் பலவானால் இணையவழி எளிது என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு: நறுமணப்பொருள் வாரியம் போடிநாயக்கனூர், புற்றடி ஆகிய இரு ஏலக்காய் ஏலமையங்களையும் 2021-இல் இணையவழியே இணைத்து, ஒரு மையத்தில் இருப்பவர் மற்றதிலும் விலை கேட்க வழிசெய்தது.

ஆனால் ரூபாய்க் கணக்கோடு செய்தி முடியவில்லை. வாடகை என்றால் பத்திரத்தைப் படிக்கவேண்டும். நம் பள்ளத்தாக்கே ஒரு குத்தகைப் பத்திரத்தின் மேல் வாழ்கிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னர் அரசுக்கும் சென்னை மாகாணத்தின் சார்பில் ஆங்கில அரசுக்கும் ஏற்பட்ட பெரியாறு குத்தகை ஒப்பந்தத்தில், நீர்த்தேக்கத்துக்கான 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டு வாடகை 40,000 ரூபாய். காலம் 999 ஆண்டு. 1970-இல் இரு மாநில அரசுகளும் பேசி ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கின. 84 ஆண்டில் ஒருமுறை மாறிய வாடகை! மென்பொருள் சந்தாவின் விதிமுறைகளைப் பாருங்கள்: முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் விலையை மாற்றலாம் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். சேவையை நிறுத்தும் உரிமையும் விற்பவர் கையிலேயே இருக்கும்.

அந்த உரிமை வெறும் எழுத்தன்று. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததைத் தொடர்ந்து, குசராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாப்ட் 2025 ஜூலையில் மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்தியது. சந்தா கட்டியிருந்தும் நிறுத்தம்! நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. அம்மாத இறுதியில் சேவை திரும்பியது. வழக்குத் தொடுக்க நயாராவுக்கு வசதி இருந்தது. மார்ச்சு மாத இறுதியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நம்மூர் மண்டிக்காரருக்கு, ஒரு வாரம் கணக்கேடு திறக்காவிட்டால் அவர் எந்த நீதிமன்றம் போவார்?

ஆகவே சந்தா கட்டுமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பெறுவது நலம். என் கணக்கு முழுவதையும் நான் எப்போது வேண்டுமானாலும், வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவத்தில் இறக்கிக்கொள்ள முடியுமா? சந்தா நின்றபின் அதை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? விலை உயர்வுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு? முதல் கேள்விக்கு ‘முடியும்’ என்ற விடை கிடைத்தால், மாதக் கடைசியில் கணக்கை இறக்கித் தம் சொந்தத் தட்டில் ஒரு படி வைத்துக்கொள்ளலாம். ஏலக்காய்க் கடையில் அந்த வேலைக்கு ஒரு பத்து நிமிடம் போதும்.