நாலும் அஞ்சும் எந்த மொழி?

ஐந்து கூழாங்கற்கள். செலவு பூஜ்யம். தமிழில் ஐந்தாங்கல், மலையாளத்தில் கொத்தங்கல்லு. 1956 மாநிலச் சீரமைப்புக்குப் பிறகும் கேரளத்திலேயே இருந்துவிட்ட தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும், பாலக்காட்டின் சித்தூர் பக்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விளையாட்டு புதிதல்ல.

ஒரு கல்லை வீசி, அது கீழே வருவதற்குள் தரையில் கிடப்பதை அள்ள வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, அடுத்து மூன்றும் ஒன்றும், கடைசியில் நான்கும் ஒரே வாரலாக. கண்ணும் கையும் ஒத்துழைக்காவிட்டால் ஆட்டம் அவுட். நான்கை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்ற கணக்கு வாய்ப்பாடு இல்லாமலே மண்டையில் ஏறிவிடுகிறது.

நான்கு வயதுப் பிள்ளைக்கு இது கஷ்டம்தான். வீசுவதை விட்டுவிட்டு, கொட்டாங்கச்சியில் புளியங்கொட்டைகளை எண்ணிப் போடச் சொன்னால் போதும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கொட்டையைப் பிடிக்கும் பிடிதான் நாளை பென்சிலுக்கும் உதவும். (மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம், கொட்டை நேராக வாய்க்குப் போகும், தொண்டையை அடைக்கும்.) கரித்துண்டால் கட்டம் போட்டால் பாண்டி தயார். கோட்டை மிதிக்காமல் நொண்டித் திரும்புவதற்குள் காலுக்கு வலுவும் உடம்புக்குச் சமநிலையும் வந்துவிடும்.

வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். முதல் வகுப்பில் இந்தப் பிள்ளைகள் மிரள்வதற்கு அதுவே போதும். ஆனால் கற்களை எண்ணும்போது மிரட்சிக்கு இடமில்லை. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு: இரு மொழியிலும் அதேதான்.