பஸ் கவிழ்ந்தால் முதல் பத்து நிமிஷம்: கூட்டம் செய்வது என்ன, சட்டம் சொல்வது என்ன?

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில், சிலமலையைத் தாண்டினால் ராசிங்காபுரம். இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தல் தாண்டி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கேரளத்துக்குள் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று பிரியும். பொழுது சாயும்போது அதே வழியில் திரும்பும். மலையில் வண்டி கவிழ்ந்தது என்று ஒரு போன் வந்தால் போதும். ஊரில் யாரும் "எத்தனை பேர்?" என்று கேட்பதில்லை. "எந்த வண்டி?" என்பதுதான் முதல் கேள்வி.

அந்தப் பதில் வருவதற்குள் வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடுகிறது. ரத்தம், கவிழ்ந்த வண்டி, கீழே சிதறிக் கிடக்கும் தூக்குவாளி. அடியில், உறுதி செய்யப்படாத ஓர் எண்ணிக்கை.

விபத்து நடந்த இடத்தில் கூடுபவர்களைப் பற்றி நம்மிடம் இரண்டு கதைகள் உண்டு. "எல்லாரும் வீடியோ எடுத்துட்டு நிக்கிறாங்க, ஒருத்தரும் தூக்க மாட்டேங்குறாங்க" என்பது ஒன்று. "அந்த ஊர்க்காரங்க மட்டும் இல்லேன்னா..." என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மைதான், பல நேரம் ஒரே இடத்தில், ஒரே கூட்டத்தில்.

இந்த மலைத்தொடரில் நடந்தவற்றைப் பாருங்கள். 2023 ஏப்ரலில், போடிமெட்டிலிருந்து பூப்பாறை இறங்கும் வழியில், தொண்டிமலையில் திருநெல்வேலிக்காரர்கள் வந்த சுற்றுலா வேன் பள்ளத்தில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று தென்காசி மாவட்டம் கடையம் பகுதியிலிருந்து ஊட்டிக்குச் சுற்றுலா வந்தவர்களின் பஸ், குன்னூர் மரப்பாலம் அருகே கவிழ்ந்து ஒன்பது பேர் போனார்கள். 2025 ஜனவரி 6 அதிகாலை, தஞ்சாவூர் போய் மாவேலிக்கரைக்குத் திரும்பிய கேரள அரசு பஸ், குட்டிக்கானத்துக்குக் கீழே புல்லுப்பாறையில் சாலையை விட்டு இறங்கியது. பாதாளம் வரை போகாமல் மரங்களில் சிக்கி நின்றது. அப்படியும் நான்கு உயிர்கள் போயின.

இப்படிப்பட்ட இடங்களுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் மலையேறித்தான் வர வேண்டும். முதலில் கை கொடுப்பது பின்னால் வந்த வண்டிக்காரர், பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், டீக்கடைக்காரர். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற்றக்காரர்கள் சிக்கியபோதும் இருட்டில் முதலில் மேலே ஏறியவர்களில் அந்த மலையடிவார மக்களும் இருந்தார்கள். போடிப் பகுதிக்கு இது புதிய பாடம் இல்லை.

"கேஸு கீஸுன்னு அலையணுமே?"

தூக்கத் தயங்குபவர்களுக்கு மனசு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் அது பயம். ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்வார்கள், போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள், அப்புறம் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்தப் பயத்துக்கு நியாயமும் இருந்தது.

இப்போது சட்டம் வேறு. சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில், காப்பாற்ற வருபவர்களுக்கான பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவப் போய், தெரியாமல் ஏதாவது தவறு நேர்ந்து, அடிபட்டவருக்குப் பாதிப்பு வந்தாலும் உதவியவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது.

2020இல் வந்த விதிகள் இன்னும் தெளிவானவை. உதவியவர் பெயர், முகவரி, போன் நம்பர் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் கிளம்பிவிடலாம். தானாக விரும்பினால் மட்டுமே சாட்சி. அப்படிச் சாட்சியாக வந்தாலும் திரும்பத் திரும்ப அலைக்கழிக்கக் கூடாது. இந்த உரிமைகளை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வாசலில், உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி. அடுத்த முறை ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

உயிர்போகும் நிலையில் இருப்பவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்தவருக்கு மத்திய அரசு வெகுமதியும் தருகிறது. 2021இல் 5,000 ரூபாயாக இருந்தது 2025இல் 25,000 ஆனது. ஒருவரைப் பல பேர் சேர்ந்து காப்பாற்றினால் பகிர்ந்து தரப்படும். பணத்துக்காகப் பள்ளத்தில் இறங்குபவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால், அரசாங்கமே பாராட்டுகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

சோடா வேண்டாம்

கூட்டத்தில் ஒருவராவது தண்ணீரோ சோடாவோ வாங்கிக்கொண்டு ஓடி வருவார். பாசம்தான். ஆனால், அரை நினைவில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். உடனே ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதிலும் சிக்கல். உதட்டை நனைத்தால் போதும்.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துண்டையோ வேட்டிக் கிழிசலையோ காயத்தின் மேல் வைத்து, விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி.

ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால் என்று பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கலில் தண்டுவடம் அறுந்துபோகலாம். உயிர் பிழைத்தும் கால் விளங்காமல் போவது இப்படித்தான். தீ, புகை, வண்டி மறுபடி உருளும் அபாயம் எதுவும் இல்லையென்றால் 108 வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பது நல்லது. அசைத்தே ஆக வேண்டும் என்றால், ஒருவர் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் உடம்பை ஒரே பலகைபோலத் தூக்க வேண்டும். கெட்டியான போர்வை, கதவுப் பலகை எது கிடைத்தாலும் சரி.

பஸ்ஸுக்குள் இருப்பவர்களை எடுக்க முன்பக்கக் கண்ணாடியைக் கல்லால் அடித்து மாய்வார்கள். அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டுப்படலம் வைத்தது. விரிசல் விடுமே தவிர எளிதில் உடைந்து விழாது. பக்கவாட்டு, பின்பக்கக் கண்ணாடிகள் வேறு ரகம். மூலையில் கூர்மையான எதையாவது வைத்து ஓங்கி அடித்தால் பொலபொலவென்று கொட்டிவிடும்.

டிரைவரை அடிக்கலாமா?

அடுத்த காட்சி எல்லோருக்கும் தெரிந்ததே. "எங்கடா டிரைவர்?" என்று ஒரு குரல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134வது பிரிவில் ஒரு விநோதம் உண்டு. விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை என்கிறது அது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது: கூட்டத்தின் ஆத்திரம் காரணமாக அது முடியாமல் போனால். நம் கையின் வேகத்தைச் சட்டம் எழுதியவர்களே கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

இதன் விளைவை யோசித்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். டிரைவர் ஓடிப்போனால், எத்தனை பேர் ஏறினார்கள், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், பிரேக் பிடித்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே ஆளும் போய்விடுகிறார். பாரதிய நியாய சன்ஹிதாவில், விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்று 106(2) பிரிவு வந்தது. லாரி டிரைவர்கள் 2024 ஜனவரியில் நாடு முழுக்கப் போராடினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது, "நின்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள்" என்பது. அந்தாண்டு ஜூலை 1 அன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவை மட்டும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை என்ற 106(1) நடைமுறையில் இருக்கிறது.

கிரேன் வந்ததும்

காயம்பட்டவர்கள் போன பிறகு கூட்டம் கலைவதில்லை, கூடுகிறது. கிரேன் வருகிறது என்றால் வேடிக்கை பார்க்கத் தனிக் கூட்டம். வடம் இறுகும்போது அமைதி; சக்கரம் தரையைத் தொட்டதும் விசில். உண்மையில் அந்த நேரம்தான் ஆபத்தானது. இழுவையில் இருக்கும் இரும்பு வடம் அறுந்தால் சாட்டைபோல வீசும், எதிரில் நிற்பவரை வெட்டிவிடும். சிந்திய டீசலின் மேல் பீடியோடு நிற்பவர்களும் உண்டு. வண்டிக்கு அடியில் யாரும் இல்லை என்று உறுதியாகும்வரை அதை நிமிர்த்தக் கூடாது. "நாமளே தள்ளிருவோம், வாங்கப்பா" என்று நாற்பது பேர் சேர்ந்து தள்ளி, அடியில் சிக்கியவரை நசுக்கிவிடும் அபாயம் இருக்கிறது.

மலைப்பாதையில் இன்னொரு தொல்லை. கிரேன் கால் ஊன்றி நின்றாலே வளைவு அடைபட்டுப்போகும். வேடிக்கை பார்க்க நிறுத்திய பைக்குகள் மீதி இடத்தையும் அடைக்கும். மேலிருந்து இறங்க வேண்டிய ஆம்புலன்ஸ் அதற்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். வேகத்தடை கேட்டு நடக்கும் மறியலுக்கும் இது பொருந்தும். கோரிக்கை நியாயமானதுதான், 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்து 17,884 பேர் இறந்த மாநிலம் இது. ஆனால், மறியலுக்கு ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

எடுத்த வண்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக், ஸ்டீயரிங், டயர் பார்த்துச் சான்று தருவார். ஆய்வுக்காக வண்டியை எடுத்துச் சென்றால், வேலை முடிந்த 24 மணி நேரத்தில் திருப்பித்தர வேண்டும் என்பது 136வது பிரிவு. விபத்து யாருடைய தவறு என்ற வழக்கு பெரும்பாலும் இந்தச் சான்றைச் சுற்றித்தான் நடக்கும். ஆகவே, இழுக்கும் முன்பு யாராவது படம் எடுக்க வேண்டும் என்றால் இதை எடுக்கட்டும்: சக்கரத் தடம், வண்டி கிடந்த கோணம், உடைந்த தடுப்புச்சுவர். முகங்கள் வேண்டாம். அந்தக் காட்சியை ஊரில் இருக்கும் ஒரு பிள்ளை போனில் பார்க்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால்?

ராசிங்காபுரம் போன்ற ஊர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கும்போது 1 லட்சம் ரூபாய் வரை. பின்னர் 2 லட்சமாக உயர்த்தும் அறிவிப்பும் வந்தது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. ஆனால், விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். பதினேழாவது வளைவு தாண்டிக் கேரளத்துக்குள் கவிழ்ந்தால் கணக்கு வேறு. அங்கே 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது: அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, ஆளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாச் சிகிச்சை. நாடு முழுவதுக்கும் பொருந்தும்.

இழப்பீட்டுக்காகத் தொடுபுழாவுக்கும் கட்டப்பனைக்கும் நடக்க வேண்டுமோ என்று பயந்தே சிலர் விட்டுவிடுகிறார்கள். வேண்டியதில்லை. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலும் மனு போடலாம் என்கிறது 166வது பிரிவு. அதாவது, தேனி மாவட்டத்திலேயே போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்க வேண்டும். முன்பு காலக்கெடு இல்லாமல் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டிருக்கின்றன என்றாலும், துக்கம் ஆறட்டும் என்று தள்ளிப்போடுவது நல்லதல்ல.

ஜீப்பில் அளவுக்கு மீறி ஏறிப் போகிறவர்களுக்கு இன்னொரு தீர்ப்பும் முக்கியம். இமாச்சலப் பிரதேசத்தில் 42 பேர் செல்ல அனுமதி பெற்ற பஸ் ஒன்று சுமார் 90 பேரோடு மலையிலிருந்து விழுந்தது. எல்லோருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனியே கொடுக்க வேண்டுமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்புச் சொன்னது: கம்பெனியின் பொறுப்பு அனுமதிக்கப்பட்ட 42 பேருக்கு மட்டும். இருப்பதில் பெரிய 42 தொகைகளைக் கூட்டிக் கட்ட வேண்டும். அதைப் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் விகிதப்படி பங்கிட வேண்டும். மீதியை வண்டி உரிமையாளரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வண்டி உரிமையாளர் என்பவர் பல நேரம் கடனில் ஒரு பழைய ஜீப் வாங்கி ஓட்டும் அதே ஊர்க்காரர். சில நேரம் அந்த ஜீப்பிலேயே அடிபட்டுக் கிடப்பவரும் அவர்தான்.