பருக்கும் தசை, தடிக்கும் நரம்பு – 9: திருமணியில் ஒரு கைகுலுக்கல்

செல்கள் பெரிதாவது, செல்களின் எண்ணிக்கை கூடுவது, செல்கள் அழிந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்து பொய்யாகப் பருத்துக் காட்டுவது என்று மூன்றையும் பார்த்துவிட்டோம். டூஷேன் தசைச்சிதைவு நோயில் கெண்டைக்கால் திரண்டிருக்கும் சிறுவன் தரையிலிருந்து எழத் தவிப்பதோடு போன வாரம் நிறுத்தினேன். இந்த வாரம் யானைக்கால் என்று சொல்லியிருந்தேன். அது காத்திருக்கட்டும். திருமணியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து வேறெதிலும் மனம் போகவில்லை.

கூடுவாஞ்சேரியில் ரயிலேறினால் பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர், அப்புறம் செங்கல்பட்டு. பரனூரில் தொழுநோயாளிகளுக்கான அரசு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1924ல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1955ல் மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டு பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. தினமும் இந்தத் தடத்தில் வேலைக்குப் போய்வரும் நம்மில் எத்தனை பேருக்கு அங்கே நடந்தது தெரியும்?

1947ல் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் அங்கே வந்தார். 1914ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மலை மக்களிடையே ஊழியம் செய்த அவருடைய அம்மா ஈவ்லின், கணவர் இறந்த பிறகும் ஊழியத்தைக் கைவிடாமல், தொண்ணூறைத் தாண்டியும் ஊர் ஊராகச் சுற்றியவர். அந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

திருமணியைச் சுற்றிக் காட்டியவர் தோல் மருத்துவர் ராபர்ட் காக்ரேன். தோலின் தேமல்களையும் முடிச்சுகளையும் அவர் விளக்கிக்கொண்டு வர, பிராண்டின் கண் முழுவதும் நோயாளிகளின் மடங்கிய விரல்கள் மேலேயே இருந்தது. ஒருவரிடம் கையை நீட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். செயலற்றுப்போன கை என்று நினைத்த அந்தக் கை இரும்பாக இறுகியது. பிராண்டுக்கே வலித்தது.

விரல்களை நிமிர்த்த முடியாத கைக்குள் இவ்வளவு பலம் எப்படி? உள்ளங்கையின் சின்னத் தசைகள் வற்றிப்போயிருந்தன. விரல்களை மடக்கும் முன்கைத் தசைகளோ நல்ல நிலையில் இருந்தன. எல்லாத் தசைகளையும் நோய் தின்றிருந்தால் இப்படி இருக்க வழியில்லை. ஆக, பழுது தசையில் இல்லை. அதற்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பில், அதுவும் குறிப்பிட்ட சில இடங்களில்.

அந்த இடங்களைத் தேடி, பின்னர் செங்கல்பட்டில் இறந்த ஒரு நோயாளியின் உடலில் நரம்புகளை நீளவாக்கில் பிரித்துப் பார்த்தார்கள். முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டருகே, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்கால் என்று நரம்பு தோலுக்கு நெருக்கமாக ஓடும் இடங்களில்தான் அது தடித்திருந்தது. தசைகளுக்கு அடியில் ஆழமாக ஓடும் இடங்களில் அதே நரம்பு சாதாரணமாக இருந்தது!

காரணம் குளிர்ச்சி. தொழுநோய்க் கிருமிக்கு நம் உடலின் 37 டிகிரி ஒத்துக்கொள்ளாது. முப்பதை ஒட்டிய சூட்டில்தான் அது செழிக்கும். காது மடலும் மூக்கும் தடிப்பதும், அக்குளும் தொடை இடுக்கும் பெரும்பாலும் தப்பிப்பதும் அதனால்தான். சோதனைக் குழாயில் இன்றுவரை வளராத இந்தக் கிருமியை 1960ல் எலியின் பாதத்தில் வளர்த்தார்கள். எலியின் உடலில் குளிர்ந்த இடம் அது. 1971ல் உடல் சூடு குறைந்த அர்மடில்லோவுக்கு நோய் தொற்றியது. ஒரு கிருமியின் சூட்டு விருப்பம் எந்த விரல் மடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த வாரம் முழுக்க எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நரம்பின் உறைச் செல்களுக்குள் கிருமி குடியேறுகிறது. அதை எதிர்க்க உடலின் காவல் செல்கள் கூட்டமாக வந்து குவிகின்றன. நரம்பைப் போர்த்திய சவ்வு இழுத்துக் கொடுக்காது. உள்ளே வீங்க வீங்க ரத்த ஓட்டம் நெரிபட்டு, இழைகள் மடிகின்றன. முழங்கையில் ஒரு நரம்பு பருத்தால் உள்ளங்கையில் தசை சிறுத்துவிடும்.

முழங்கையை மடக்குங்கள். உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் ஒரு பள்ளம். எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அதே இடம். விரல் நுனியால் மெல்ல உருட்டினால் மிருதுவான நரம்பு நழுவும். பிறகு மற்றக் கையில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அது கெட்டியாகத் தடித்திருந்தாலோ, தொட்டால் வலித்தாலோ, சுண்டுவிரல் மரத்திருந்தாலோ காத்திருக்கக் கூடாது. தோலில் தேமலே இல்லாமல் நரம்பை மட்டும் தாக்கும் தொழுநோயும் நம் நாட்டில் உண்டு.

1981ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். நரம்பு வீக்கத்துக்கு டாக்டர் மேற்பார்வையில் ஸ்டீராய்டு. மரப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் போனால் உணர்ச்சியும் பலமும் திரும்ப நல்ல வாய்ப்பிருக்கிறது. மடங்கிவிட்ட விரல்களை, தசைநார்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவையை பிராண்ட் 1948ல் வேலூரில் தொடங்கினார். திருமணியில் அவர் கையை வலிக்கவைத்த அந்த முன்கைத் தசைகள்தான் அதற்கு மூலதனம்.

யானைக்கால் அடுத்த வாரம் கட்டாயம். அதற்காக ஊரடங்கிய பிறகு சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து விரலில் ரத்தம் எடுத்தார்களே, ஏன் ராத்திரியில் மட்டும்?

(தொடரும்)