கொசுறும் கணக்கும்



காய்கறிக் கடையில் கத்தரிக்காயும் தக்காளியும் வாங்கி முடித்தபின், கடைக்கார அம்மாள் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை நம் பையில் போடுகிறார். அதற்குக் காசு கேட்பதில்லை. அதனைக் கொசுறு என்கிறோம். என் இளமையில் துணிக்கடையிலும் கொசுறு உண்டு. என் தந்தையார் தீபாவளிக்கு வீட்டாருக்கெல்லாம் துணி எடுத்து முடித்ததும், கடை முதலாளி ஒரு மஞ்சள் பையும், சிறுவனாகிய எனக்கு ஒரு கைக்குட்டையும் கொடுப்பார். அடுத்த தீபாவளிக்கும் நாங்கள் அதே கடைக்குத்தான் போவோம்.

இன்று பெரிய துணிக்கடைகளில் கைக்குட்டைக்குப் பதிலாகப் புள்ளிகள் தருகிறார்கள். நம்முடைய கைப்பேசி எண்ணைப் பதிந்துகொண்டு, நாம் வாங்கும் தொகைக்கு ஏற்பப் புள்ளிகளை வரவு வைக்கிறார்கள். பின்னொரு நாள் துணி வாங்கும்போது அப்புள்ளிகளை விலையில் கழித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் சலுகைத் திட்டம் என்று இதனைச் சொல்லலாம். கோடைக்கு வேண்டிய உடைகளை வாங்குகையில் இத்திட்டத்தினால் உண்மையாகவே பணம் மிச்சமாகுமா, ஆகுமெனில் எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நான் தலைமையாசிரியனாவதற்கு முன்னும் பின்னும் கணக்குப் பாடம் கற்பித்தவன். ஆயினும் இந்தக் கணக்கில் ஒரு முறை தோற்றேன். அந்தத் தோல்வியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த என் பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரு பெரிய துணிக்கடைக்குச் சென்றேன். ஓய்வூதியத்திலிருந்து 5,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தேன். கல்லூரிக்கு அணிந்து செல்ல மூன்று பருத்திச் சுடிதார்கள் வாங்கவேண்டும். எஞ்சிய பணத்தில் அவளுக்கு ஒரு கணிப்பான் வாங்கித் தரவேண்டும். இதுவே எங்கள் திட்டம். சுடிதார்கள் மூன்றும் 3,400 ரூபாயில் முடிந்தன. பணம் செலுத்துமிடத்தில் இருந்த இளைஞர் என்னை நோக்கி, “ஐயா, இன்னும் 1,600 ரூபாய்க்கு எடுத்தால் மொத்தம் 5,000 ஆகிவிடும். உங்களுக்கு 500 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும்” என்றார். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி என்பது அக்கடையின் வழக்கமான கணக்கு. ஒரு புள்ளியின் மதிப்பு ஒரு ரூபாய். 500 ரூபாயை யாரோ இலவசமாகத் தருவதாக எனக்குத் தோன்றிவிட்டது. 1,600 ரூபாயில் எனக்கு ஒரு சட்டை எடுத்தேன். கணிப்பான் அடுத்த மாத ஓய்வூதியத்திற்குத் தள்ளிப்போயிற்று.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னதாக, அக்டோபர் 26-ஆம் நாள், அதே கடைக்கு 550 புள்ளிகளோடு சென்றேன். புள்ளிகளுக்கு 180 நாளே ஆயுள் என்றும், அவை அக்டோபர் 17-ஆம் நாளோடு காலாவதியாகிவிட்டன என்றும் சொன்னார்கள். ரசீதின் பின்புறத்தில் அது அச்சாகித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை. வெளியே வந்ததும் என் பேத்தி, “தாத்தா, நீங்கள் கணக்கு வாத்தியார்தானே?” என்று கேட்டாள். அதற்கு நான் விடை கூறவில்லை. இந்தப் பேச்சையே அதற்கு உரிய விடையாகக் கொள்ளலாம்.

இத்திட்டங்களின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். இவற்றுக்கு இரண்டு வேர்கள் உண்டு. முதலாவது வேர் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு நகரில் இருக்கிறது. 1844-ஆம் ஆண்டு அவ்வூர்த் தொழிலாளர் 28 பேர் சிறு சிறு தொகையாகப் பணம் சேர்த்து, மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய பொருள்களை விற்கும் ஒரு கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். கடையில் கிடைத்த இலாபத்தை, யார் எவ்வளவு வாங்கினாரோ அதற்கு ஏற்ப அவரவர்க்கே பங்கிட்டுக் கொடுத்தனர். அந்த முன்மாதிரியைப் பின்பற்றி எழுந்ததுதான் 1904-ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். இம்முறையில் வாங்குபவருக்குக் கிடைப்பது கொசுறு அன்று. கடையின் உரிமையாளர் என்ற முறையில் அவருக்கு வரவேண்டிய பங்கு.

இரண்டாவது வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1896-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்பெர்ரி ஹட்சின்சன் நிறுவனம் பச்சை நிறத்தில் சிறு சிறு வில்லைகளை அச்சிட்டுக் கடைக்காரர்களுக்கு விற்றது. கடைக்காரர் அவற்றைத் தம் வாடிக்கையாளருக்குக் கொடுத்தார். வாடிக்கையாளர் அவற்றை ஏட்டில் ஒட்டி நிரப்பி, வீட்டுக்கு வேண்டிய பொருள்களாக மாற்றிக்கொண்டார். வில்லைக்குக் கடைக்காரர் பணம் கொடுக்கிறார் அல்லவா? அச்செலவைக் கூடுதல் விற்பனையால் ஈடு செய்வார். இயலாதபோது பொருளின் விலையிலே ஏற்றுவார். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமான நிறுவனமும், 1995-இல் இங்கிலாந்தின் டெஸ்கோ அங்காடியும் இம்முறையைக் கணிப்பொறியின் துணையோடு விரிவாக்கின. நம் நாட்டில் ஷாப்பர்ஸ் ஸ்டாப் நிறுவனம் 1994-இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. இன்று நமக்குக் கிடைக்கும் புள்ளிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வேரிலிருந்து முளைத்தவை.

இனிக் கணக்கிற்கு வருவோம். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் மதிப்புள்ள ஒரு புள்ளி என்றால் அது நூற்றுக்கு ஒன்று, அவ்வளவே. ஆயிரம் ரூபாய்த் துணிக்குப் பத்து ரூபாய். வேறொரு கடையில் அதே துணி ஐம்பது ரூபாய் குறைவாகக் கிடைக்குமானால், புள்ளிக்காக முதற்கடைக்குப் போவது நட்டம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

அடுத்து, தள்ளுபடியும் புள்ளியும் ஒன்றல்ல என்பதை உணரவேண்டும். ஒரு கடை 1,000 ரூபாய்த் துணிக்கு 10 சதவீதம் தள்ளுபடி தருகிறது. 900 ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். மற்றொரு கடை 10 சதவீதத்தைப் புள்ளிகளாகத் தருகிறது. இன்று முழுமையாக 1,000 ரூபாய் கொடுக்கிறோம். அடுத்த முறை 1,000 ரூபாய்த் துணிக்கு 100 புள்ளிகளைக் கழித்து 900 ரூபாய் கொடுக்கிறோம். அதோடு நிறுத்திக்கொண்டால், 2,000 ரூபாய்த் துணிக்குக் கொடுத்தது 1,900 ரூபாய். அதாவது நமக்குக் கிடைத்தது 5 சதவீதமே. திரும்பப் போகாவிட்டால் ஒன்றுமேயில்லை. இரு கடைகளிலும் பலகையில் எழுதியிருப்பது 10 என்ற ஒரே எண்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

என் சட்டைக்கும் இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். சட்டை இல்லாமல் எனக்கு 34 புள்ளிகள் வந்திருக்கும், சட்டையோடு 550. ஆக, 516 ரூபாய் மதிப்புள்ள புள்ளிகளைப் பெற 1,600 ரூபாய் செலவழித்தேன். புள்ளிகள் காலாவதியாகாமல் இருந்திருந்தாலும், வேண்டாத சட்டைக்கு 1,084 ரூபாய் கொடுத்தவனாகவே இருந்திருப்பேன்.

கணக்கு அறிந்தவனும் ஏன் இடறுகிறான்? 2006-ஆம் ஆண்டு நூனஸ், ட்ரெஸ் என்னும் இரு அறிஞர்கள் அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டனர். கார் கழுவும் நிலையம் ஒன்றில் 300 அட்டைகளை வழங்கினர். பாதிப் பேருக்கு எட்டு முத்திரை பெறவேண்டிய வெற்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்து முத்திரை பெறவேண்டிய அட்டை. ஆனால் பின்னதில் இரண்டு முத்திரைகளை முன்னதாகவே குத்திக் கொடுத்தனர். இரண்டு வகையினரும் இன்னும் எட்டு முறை வரவேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. எனினும் வெற்று அட்டை பெற்றவர்களில் நூற்றுக்கு 19 பேரே அட்டையை நிரப்பினர்; இரண்டு முத்திரை பெற்றவர்களில் 34 பேர் நிரப்பினர். தொடங்கிவிட்ட ஒன்றை முடிக்கவேண்டும் என்ற துடிப்பு மனித இயல்பு. படிப்பில் அது நல்லது. கடையில் அதுவே நம் பணத்தைக் கரைக்கும்.

கடைக்கு இதனால் வேறோர் ஆதாயமும் உண்டு. நாம் எந்த மாதத்தில், எந்த அளவில், எவ்வளவு விலையில் துணி எடுக்கிறோம் என்பது அவர்களது ஏட்டில் ஏறிவிடுகிறது. சித்திரை பிறக்குமுன் நம் கைப்பேசிக்கு அழைப்புச் செய்தி வருவது அதனாலேதான். புள்ளி வேண்டுமெனில் எண்ணைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எண் கொடுக்க மறுத்ததற்காகப் பொருள் விற்க மறுக்கலாகாது என்று மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023-ஆம் ஆண்டு மே மாதம் வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கொடுப்பதும் கொடாததும் நம் விருப்பம்.

அப்படியானால் இத்திட்டங்களை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டா. அவற்றை நம் ஆண்டுக் கணக்கிற்குள் அடக்கவேண்டும். நம் வீடுகளில் பெருந்தொகைக்குத் துணி எடுப்பது தீபாவளிக்கு. எப்படியும் செய்யப்போகும் அச்செலவிலிருந்து வரும் புள்ளிகளுக்கு 180 நாள் ஆயுள் என்றால், அவை ஏப்ரல் மாதத்தை எட்டும். கோடைத் துணி எடுக்கும் காலம் அதுவே. ஆகவே தீபாவளிப் புள்ளியைக் கோடைக்குப் பயன்படுத்துவது பொருத்தம். ஆடித் தள்ளுபடியோ கோடை முடிந்தபின் வருகிறது. வளர்ந்து முடிந்தவர்கள் அடுத்த கோடைக்கான துணியை அப்போதே வாங்கி வைக்கலாம். தள்ளுபடித் துணிக்குப் புள்ளி இல்லை என்று விதி இருந்தால், இரண்டில் எது பெரிது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

துணியின் தன்மையையும் மறந்துவிடக் கூடாது. பருத்தி இழை காற்றின் ஈரத்தைத் தன் எடையில் 7 அல்லது 8 சதவீதம் வரை ஏற்கும்; பாலியஸ்டர் இழை ஏற்பது அரை சதவீதத்திற்கும் குறைவு. அக்கினி நட்சத்திர வெயிலில் வியர்வையை உறிஞ்சி உடலை ஆற்றுவது பருத்தியே. புள்ளிக்காக நான் வாங்கிய சட்டை பாலியஸ்டர் கலந்தது. மே மாதத்தில் ஒரு நாள் அணிந்தேன். மறுநாள் அது பெட்டிக்குள் போய்விட்டது. அணியாத உடைக்கு எத்தனை சலுகை கிடைத்தாலும் அது சேமிப்பாகாது.

கைத்தறிப் பருத்தியை விரும்புவோருக்கு மற்றொரு வழியும் உண்டு. 1935-ஆம் ஆண்டு தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைமை நிறுவனம். அது நடத்திவந்திருக்கும் கனவு நனவுத் திட்டத்தில், வாடிக்கையாளர் 11 மாதத் தவணை செலுத்தினால் 12-ஆம் தவணையை நிறுவனமே செலுத்தும். மாதம் 300 ரூபாய் வீதம் 3,300 ரூபாய் செலுத்தியவர் 3,600 ரூபாய்க்குத் துணி எடுக்கலாம். ஆதாயம் 9 சதவீதத்திற்குச் சற்று மேல். முதல் தவணை ஏறக்குறைய ஓராண்டும், கடைசித் தவணை சில வாரங்களும் அங்கே இருக்கும் என்பதைக் கருதினால், இது நல்ல வருவாயே. இங்கே சேமிப்பு முன்னே வருகிறது. செலவு பின்னே வருகிறது. ஆனால் அத்தொகைக்குத் துணிதான் எடுக்கமுடியும், தவணையும் தவறக்கூடாது. எந்தத் தவணைத் திட்டமாயினும் சேரும் நாளில் உள்ள விதிகளைக் கேட்டறிந்தே சேரவேண்டும். முன்பணம் வாங்குவோர் நம்பத் தக்கவரா என்றும் பார்க்கவேண்டும்.

மாணவச் செல்வங்களே, சலுகை அட்டை ஒன்றை நீட்டும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். நூறு ரூபாய்க்கு எத்தனை ரூபாய்? எந்த நாள் வரை? குறைந்தது எவ்வளவு வாங்கினால், எந்தெந்தத் துணிக்கு? இப்புள்ளி இல்லாவிட்டாலும் இத்துணியை நான் வாங்குவேனா? நான்காவது கேள்விக்கு ‘இல்லை’ என்பது விடையானால் மற்ற மூன்றையும் கேட்கவேண்டியதில்லை.

2024 தீபாவளிக்கு எங்கள் குடும்பத்துக்கு 12,000 ரூபாய்க்குத் துணி எடுத்தோம். 120 புள்ளிகள் கிடைத்தன. என் பேத்தி அன்றே சுவர் நாட்காட்டியில், புத்தாண்டு நாட்காட்டி வந்ததும் அதில் எழுதவேண்டும் என்று குறித்து, ஏப்ரல் 24 என்ற கடைசி நாளையும் எழுதிவைத்தாள். 2025 ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தனக்குத் தேவையான இரண்டு பருத்திச் சுடிதார்களை எடுத்து, 120 ரூபாயைக் கழித்துக்கொண்டாள். காசாளர் இம்முறையும் கூடுதல் புள்ளியைப் பற்றிச் சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “போதும் அம்மா, கட்டிக் கொடுக்கச் சொல்” என்றேன்.

நூற்றிருபது ரூபாய் சிறிய தொகைதான். ஆனால் அதைப் பெறுவதற்கு ஒரு ரூபாய்கூட வீணாகச் செலவிடவில்லை. கறிவேப்பிலையைக் கொசுறாக வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை. கறிவேப்பிலைக்காகக் கத்தரிக்காய் வாங்கலாகாது.