பூஜ்யத்தின் ஆயுள்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு வீரரின் பெயருக்குப் பக்கத்தில் வெற்றி, தோல்வி, சமன் என்ற வரிசையில் மூன்று எண்கள் எழுதப்படுவது வழக்கம். அவற்றுள் நடுவில் உள்ள எண் பூஜ்யமாக இருக்கும் வரை அவர் 'தோல்வியறியாதவர்' என்று விளம்பரப்படுத்தப்படுகிறார். தொலைக்காட்சி நிறுவனங்களும் போட்டி அமைப்பாளர்களும் அந்தப் பூஜ்யத்துக்குத் தனி விலை தருகின்றனர். அது ஒருமுறை போய்விட்டால் அதன்பின் எத்தனை வெற்றிகள் குவிந்தாலும் திரும்புவதில்லை. அத்தகைய ஒரு சாம்பியனை வெல்ல யாராலாவது முடியுமா என்ற கேள்வி ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு புதிய பெயரை ஒட்டி எழுகிறது. அதற்கு ஊகத்தில் விடை தேட வேண்டியதில்லை. எடைப் பிரிவுகளுள் மேல்வரம்பே இல்லாத ஹெவிவெயிட் பிரிவின் வரலாற்றில், 1985 முதல் 1994 வரையிலான ஒன்பது ஆண்டுகளைப் பார்த்தாலே போதும்.

அந்த ஒன்பது ஆண்டுகளில் லாரி ஹோம்ஸ், மைக்கேல் ஸ்பிங்க்ஸ், மைக் டைசன், எவாண்டர் ஹோலிஃபீல்ட், ரிடிக் போ, மைக்கேல் மூரர் ஆகிய ஆறு பேர் தோல்வியறியாத சாம்பியன்களாக மேடையேறித் தோற்று இறங்கினர். ஆறு பேருக்கும் அதுவே தொழில்முறை வாழ்வின் முதல் தோல்வி. உலகக் குத்துச்சண்டையில் பட்டம் வழங்கும் அமைப்புகள் பல இருப்பதால் ஒரே நேரத்தில் பல சாம்பியன்கள் இருப்பதுண்டு; எனினும் சாம்பியனை மேடையில் வென்றவரே அடுத்த சாம்பியன் என்ற மரபுவழிக் கணக்கு ஒன்றும் உண்டு. மேலே சொன்ன ஆறு பேரும் அந்த மரபுவழியில் வந்தவர்கள். அவர்களுள் பலர், தமக்கு முந்தையவரின் பூஜ்யத்தை அழித்த பின்னரே தம்முடையதை இழந்தனர்.

வரிசையில் முதல்வரான ஹோம்ஸ் 1978-இல் பட்டம் வென்றவர். 1980-இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதிவிட்டுப் போன முகமது அலியை, அதே ஆண்டு அக்டோபரில் லாஸ் வேகாஸில் பத்துச் சுற்றுகள் அடித்துப் பதினோராவது சுற்றுக்கு எழவிடாமல் செய்தவர் இவரே. 1985 செப்டம்பரில் அவர் கணக்கில் 48 வெற்றிகள் இருந்தன. இன்னும் ஒன்று கிடைத்தால் ராக்கி மார்சியானோ 1950-களில் 49 வெற்றிகளோடு நிறுத்திய சாதனைக்கு ஈடாகும். அந்த ஒன்றைப் பெறுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த எதிராளி, எடை குறைந்த லைட் ஹெவிவெயிட் பிரிவில் சாம்பியனாக இருந்த மைக்கேல் ஸ்பிங்க்ஸ். நடப்பு லைட் ஹெவிவெயிட் சாம்பியன் எவரும் அதுவரை ஹெவிவெயிட் பட்டத்தை வென்றதில்லை என்பதால், இது ஆபத்தில்லாத தேர்வாகவே பலருக்கும் தோன்றியது. ஆனால் ஹோம்ஸுக்கு அப்போது வயது 35. 1983-இல் டிம் விதர்ஸ்பூனிடமும் 1985 மே மாதத்தில் கார்ல் வில்லியம்ஸிடமும் அவர் மயிரிழையில் தப்பியிருந்தார். அவருடைய ஜாப், அதாவது முன்நிற்கும் கையால் எதிராளியைத் தள்ளி நிறுத்தும் நேர்குத்து, பழைய வேகத்தில் வரவில்லை என்பது அந்தப் போட்டிகளிலேயே தெரிந்தது. திட்டமிட்டு எடை கூட்டி வந்த ஸ்பிங்க்ஸ், ஒரே இடத்தில் நில்லாமல் கோணல்மாணலாக நகர்ந்து 15 சுற்றுகளையும் கடந்து, மூன்று நடுவர்களின் புள்ளிகளிலும் வென்றார். மார்சியானோ தம் கடைசிப் போட்டியில் ஆடிய நாளிலிருந்து சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, அதே செப்டம்பர் 21-ஆம் தேதியில் இது நடந்தது.

ஸ்பிங்க்ஸின் பூஜ்யம் போன கதைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 31 வெற்றிகளோடு 1988 ஜூன் 27 அன்று அட்லான்டிக் சிட்டியில் டைசனை எதிர்கொண்ட அவர், 91 நொடிகளில் வீழ்த்தப்பட்டார்.

அந்த 91 நொடிகளே டைசனை வெல்லவே முடியாது என்ற நம்பிக்கையின் உச்சம். 1986 நவம்பரில் இருபதே வயதில் பட்டம் வென்று, ஹெவிவெயிட் வரலாற்றிலேயே மிக இளைய சாம்பியனான அவரிடம் எதிராளிகள் மேடையேறும்போதே பாதி தோற்றிருந்தனர். ஆயினும் அவருடைய வலிமை முரட்டு பலம் மட்டும் அன்று. கஸ் டமாட்டோ என்ற பயிற்சியாளர் வகுத்த, 'பீக்-அ-பூ' எனப்படும் முறையில் வளர்க்கப்பட்டவர் அவர். இரு கையுறைகளையும் கன்னங்களோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையை இடைவிடாமல் இடமும் வலமும் அசைத்து, எதிராளியின் நீண்ட கைகளுக்குக் கீழாக நுழைந்து, மிக நெருக்கத்தில் அடுக்கடுக்காகக் குத்துவதே அம்முறை. 178 சென்டிமீட்டர் உயரம் மட்டுமே கொண்ட ஒருவர் தம்மைவிட உயர்ந்தவர்களை வெல்வதற்கென்றே உருவான இந்தப் போர்முறை, ஓயாத பயிற்சியைக் கேட்பது. தலையசைவு நின்றுவிட்டால் குட்டையான கைகளோடு குத்துகளுக்கு நேரே நடந்து செல்லும் மனிதர் மட்டுமே மிஞ்சுவார். டமாட்டோ 1985-இலேயே மறைந்துவிட்டார். அவர் வழியில் பயிற்சி அளித்துவந்த கெவின் ரூனி 1988-இல் நீக்கப்பட்டார். அதன் பின் டைசன் அடுக்கடுக்கான குத்துகளைக் கைவிட்டு, ஒரே குத்தில் முடிக்கப் பார்க்கும் வீரராக மெல்ல மாறினார்.

தோல்விக்கான குறிப்புகள் அதற்கும் முன்பே பதிவாகியிருந்தன. 1986-இல் ஜேம்ஸ் டில்லிஸும் மிட்ச் கிரீனும் அவருக்கெதிராகப் பத்துச் சுற்றுகள் முழுவதும் நின்றனர். 1987-இல் ஜேம்ஸ் ஸ்மித்தும் டோனி டக்கரும் பன்னிரண்டு சுற்றுகள் நின்றனர். உயரமானவர், பின்வாங்கி ஓடாதவர், நெருங்கி வரும்போதெல்லாம் கட்டிப்பிடித்து முடக்குபவர் ஆகியோரிடம் டைசனுக்குத் தடுமாற்றம் உண்டு என்பதை இப்போட்டிகள் காட்டின. 1989 பிப்ரவரியில் ஃபிராங்க் புருனோவின் குத்தில் முதல் சுற்றிலேயே அவர் ஆடிப்போனார். ஆனால் இவை அனைத்தும் வெற்றிகளாக முடிந்ததால் வெற்றிப் பத்தியில் வெறும் எண்களாகக் கரைந்துபோயின. தோல்வியறியாதவரின் கணக்கேட்டில் உள்ள பெரிய குறை இதுதான்: எவ்வளவு சிரமப்பட்டு வென்றார் என்பதை எழுதுவதற்கு அதில் இடமில்லை.

1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோ டோம் அரங்கில் டைசனை எதிர்கொண்ட ஜேம்ஸ் 'பஸ்டர்' டக்ளஸுக்கு அதற்குமுன் நான்கு தோல்விகள் இருந்தன. லாஸ் வேகாஸின் மிராஜ் சூதாட்ட விடுதி அவருக்கு 42-க்கு 1 என்று பந்தய விகிதம் வைத்தது. அவர் வெல்வார் என்று ஒரு டாலர் கட்டியவருக்கு 42 டாலர் கிடைக்கும் என்பது இதன் பொருள். டக்ளஸ் டைசனைவிடச் சுமார் 14 சென்டிமீட்டர் உயரமானவர். கைநீட்டத்தில் வேறுபாடு 30 சென்டிமீட்டர் அளவுக்கு இருந்தது. போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் தாயை இழந்திருந்த அவர், தம் வாழ்வில் அதற்கு முன்னும் பின்னும் காட்டாத ஒழுங்கோடு அன்று ஆடினார். ஜாப்பால் டைசனைத் தொலைவில் நிறுத்துவது, அவர் தலையசைக்காமல் நேரே வரும் கணத்தில் வலக்கையைச் சேர்ப்பது, நெருங்கிவிட்டால் கட்டிப்பிடிப்பது என்ற மூன்றுமே முந்தைய போட்டிகளில் தனித்தனியாகப் பலர் செய்தவைதான். அவற்றை அஞ்சாமல் ஒன்றுசேர்த்துச் செய்தவர் டக்ளஸ்.

எட்டாவது சுற்றின் முடிவில் டைசனின் ஒரு குத்து டக்ளஸைத் தரையில் சாய்த்தது. கீழே விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழ வேண்டும் என்பது விதி. மேடை நடுவரின் எண்ணிக்கை நேரக்காப்பாளரின் எண்ணிக்கையைவிடப் பின்தங்கியிருந்தது. டக்ளஸ் நடுவரின் ஒன்பதாவது எண்ணில் எழுந்தார். பத்தாவது சுற்றில் அவர் ஒரு மேல்நோக்கிய குத்தோடு தொடுத்த வரிசையில் டைசன் வாழ்வில் முதன்முறையாக வீழ்ந்து, கழன்று விழுந்த பல்காப்பைத் தரையில் துழாவியபடி எண்ணி முடிக்கப்பட்டார். எட்டாம் சுற்றின் தாமதத்தைக் காட்டிப் போட்டி அமைப்பாளர் டான் கிங் முறையிட, இரண்டு உலக அமைப்புகள் டக்ளஸை அங்கீகரிக்காமல் நிறுத்திவைத்துப் பார்த்தன. எங்கும் எழுந்த கண்டனத்தால் சில நாள்களில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அந்த முறையீட்டில் சாரம் எதுவும் இல்லை. வீழ்ந்த வீரர் கவனிக்க வேண்டியது மேடை நடுவரின் எண்ணிக்கையை மட்டுமே. டக்ளஸ் அதைக் கவனித்தே எழுந்தார்.

டோக்கியோவில் இதைவிடக் கவனிக்கத்தக்கது நடுவர்களின் புள்ளித்தாள்தான். ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்குப் பத்தும் மற்றவருக்கு ஒன்பதோ அதற்குக் குறைவோ அளிக்கும் முறையில், ஒன்பது சுற்றுகள் முடிந்தபோது ஒரு நடுவர் டக்ளஸுக்கு ஆறு புள்ளிகள் முன்னிலை கொடுத்திருந்தார். இன்னொருவர் கணக்கில் இருவரும் சமம். மூன்றாமவர் கணக்கிலோ டைசன் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தார். இடக்கண் வீங்கி மூடிக்கொண்ட நிலையில் சுற்றுக்குச் சுற்று அடிபட்டுக்கொண்டிருந்தவரை முன்னிலையில் இருப்பதாக ஒருவர் எழுத முடிந்தது என்றால், புகழ் நடுவரின் கண்ணையும் மறைக்கும் என்றே கொள்ள வேண்டும்.

இதற்கு இன்னும் வலுவான சான்று மெக்சிகோவின் ஹூலியோ செசார் சாவேஸ். 1993 செப்டம்பரில் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் பெர்னெல் விட்டேக்கரைச் சந்தித்தபோது அவருக்கு 87 வெற்றிகள் இருந்தன, தோல்வி இல்லை. அந்த 87-இலும் ஒன்று, இளமைக் காலத்தில் முதலில் தகுதிநீக்கத் தோல்வியாக அறிவிக்கப்பட்டு அடுத்த நாளே வெற்றியாக மாற்றி எழுதப்பட்டது. விட்டேக்கர் பெரும்பாலான சுற்றுகளில் மேலோங்கியிருந்ததாகப் பார்வையாளர்களில் மிகப்பலர் கருதினர். நடுவர்கள் சமன் என்று அறிவித்தனர். அடுத்த ஜனவரியில் ஃபிராங்கி ராண்டல் சாவேஸை முதன்முறையாகத் தரையில் வீழ்த்திக் காட்டிய பின்னரே, அதுவும் மூன்றில் இரு நடுவர்களின் தீர்ப்பால் மட்டுமே, தோல்விப் பத்தியில் ஒன்று எழுதப்பட்டது. தோல்வியறியாத ஒருவரைப் புள்ளிகளில் வெல்வது அவரை வீழ்த்துவதைவிடக் கடினமானது என்று சொல்வதில் பெரிய மிகை இல்லை.

மீண்டும் ஹெவிவெயிட் வரிசைக்கு வருவோம். டக்ளஸ் 1990 அக்டோபரில் 246 பவுண்டு எடையோடு, பயிற்சியின் சுவடே தெரியாத உடலுடன் வந்து, மூன்றாவது சுற்றில் ஹோலிஃபீல்டிடம் வீழ்ந்தார். ஹோலிஃபீல்டின் 28 வெற்றிகளின் தொடரை 1992-இல் ரிடிக் போ முறித்தார். போவின் 34 வெற்றிகளின் தொடரை, அடுத்த ஆண்டு பாராசூட்டில் ஒருவர் வந்து மேடைக் கயிற்றில் விழுந்து இருபது நிமிடங்களுக்கு மேல் ஆட்டத்தை நிறுத்திய அந்த விசித்திரமான இரவில், ஹோலிஃபீல்டே முறித்தார். ஹோலிஃபீல்டை 1994 ஏப்ரலில் வென்ற மூரர், 35 வெற்றிகளோடு அதே ஆண்டு நவம்பரில் 45 வயது ஜார்ஜ் ஃபோர்மேனைச் சந்தித்துப் புள்ளிகளில் வெகுவாக முன்னேறியிருந்த நிலையில், பத்தாவது சுற்றில் ஒரே ஒரு வலக்கைக் குத்தில் விழுந்தார். அந்த ஃபோர்மேனும் 40 வெற்றிகளோடு 1974-இல் கின்ஷாசாவில் அலியிடம் தம் பூஜ்யத்தை இழந்தவரே. அலியோ 1971-இல் ஜோ ஃபிரேசியரிடம் 31 வெற்றிகளுக்குப் பின் இழந்தவர்.

அப்படியானால் கடைசி வரை தோற்காமல் விலகியவர்களை எப்படி மதிப்பிடுவது? ஃபிளாய்ட் மேவெதர் 50 வெற்றிகளோடு விலகினார். தற்காப்புக் கலையில் அவருக்கு நிகரானவர் அவர் காலத்தில் இல்லை என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2009-இலேயே பேச்சு தொடங்கிய மேனி பாக்கியாவோ போட்டி, பாக்கியாவோ 36 வயதைக் கடந்த 2015 மே மாதத்தில்தான் நடந்தது. 2017-இல் ஐம்பதாவது வெற்றியாக எண்ணப்பட்டது, தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதற்குமுன் ஒரு போட்டிகூட ஆடியிராத கோனர் மெக்ரிகருடனான ஆட்டம். மேலும், 'தோல்வியறியாத' என்ற சொல் தொழில்முறைப் போட்டிகளை மட்டுமே குறிக்கும். பணப்பரிசு இல்லாத அமெச்சூர் போட்டிகளின் முடிவுகள் அதில் சேர்வதில்லை. 1996 அட்லான்டா ஒலிம்பிக் அரையிறுதியில் பல்கேரியாவின் செராஃபிம் தோதோரோவிடம் மேவெதர் 10-9 என்ற கணக்கில் தோற்று வெண்கலம் பெற்றார். அந்தத் தீர்ப்பை அமெரிக்க அணி எதிர்த்தது, எதிர்ப்பு ஏற்கப்படவில்லை.

மார்சியானோவின் கணக்கும் இத்தகைய ஆய்வுக்குத் தப்பியதன்று. 1952-இல் பட்டம் வென்ற இரவில் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்து, புள்ளிகளில் பின்தங்கி, பதின்மூன்றாவது சுற்றில் ஒரே குத்தால் தப்பினார். 1954-இல் எஸார்ட் சார்ல்ஸின் குத்தில் மூக்கு பிளந்து, ஆட்டம் நிறுத்தப்பட்டுவிடுமோ என்ற நிலையில் எட்டாவது சுற்றில் முடித்தார். 1955-இல் கடைசிப் போட்டியிலும் ஆர்ச்சி மூர் அவரை ஒருமுறை வீழ்த்தினார். தோல்வி அவரை மூன்று முறை நெருங்கித் தொட்டுச் சென்றது. நான்காவது முறைக்கு அவர் இடம் தரவில்லை. 1956 ஏப்ரலில், 32 வயதில், ஓய்வை அறிவித்தார். பெரிய தொகைகள் காட்டப்பட்டும் மீண்டும் மேடையேறவில்லை. ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை வென்று, தொழில்முறையில் ஒரு தோல்வியோ சமனோ இன்றி விளையாட்டை விட்டு விலகியவர் இன்றுவரை அவர் ஒருவரே.